அடக்க முடியாத சிறுநீருக்குத் தோலில் ஒட்டும் மருந்து: வியர்க்கிற ஊரில் பயன்படுத்தும் முறை

காசிமேட்டில் காலையிலிருந்து மீன் விற்க உட்கார்ந்திருப்பவருக்கும், எண்ணூர் பக்கம் ஷிஃப்டில் நிற்பவருக்கும் திடீரென்று முட்டிக்கொண்டு வரும் சிறுநீர் பெரிய தொல்லை. மூத்திரப்பை நிரம்பும் முன்பே அதன் தசை தானாகச் சுருங்குவதால் வருவது இது. ஆக்ஸிபியூட்டினின் என்ற மருந்து அந்தத் தசையைத் தளர்த்தும். மாத்திரையாக விழுங்கினால் குடலிலும் கல்லீரலிலும் மருந்து சிதைந்து ஒரு துணைப்பொருள் உண்டாகிறது. வாய் வறண்டுபோவதற்கு அதுவே முக்கியக் காரணம். தோல் வழியாகப் போகும்போது அது குறைவாகத்தான் உண்டாகும். இதற்காகவே அமெரிக்காவில் 2003-இல் தோலில் ஒட்டும் பேட்சுக்கும் 2009-இல் தடவும் ஜெல்லுக்கும் அனுமதி கிடைத்தது. எல்லா மெடிக்கலிலும் இருப்பு வைக்கிற சரக்கு இல்லை என்பதால் சீட்டு வாங்கும்போதே எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிடுங்கள்.

ஒட்டுவதற்கு முன் பரிசோதனை வேண்டும். சிறுநீரில் கிருமி, சர்க்கரை நோய், ஆண்களுக்கு பிராஸ்டேட் வீக்கம் எல்லாமே இதே தொல்லையைக் காட்டும். ஸ்டான்லி மருத்துவமனையின் சிறுநீரியல் (யூராலஜி) ஓ.பி.க்குப் போகிறவர்கள் 3 நாள் குறிப்பு எழுதிக்கொண்டு போனால் பேச்சு சுருங்கும்: எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு குடித்தீர்கள், எப்போது கசிந்தது. போய்விட்டு வந்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனில் பார்ப்பதும் முக்கியம். ஏற்கெனவே முழுதாக வெளியேறாதவருக்கு இந்த மருந்து கொடுத்தால் அடைத்தே போகலாம். கண்ணில் குறுகிய கோண கிளாக்கோமா (கண் அழுத்த நோயில் ஒரு வகை) இருப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இனி ஒட்டும் முறை. ஆக்ஸிட்ரால் என்ற பேட்சில் 36 மில்லிகிராம் மருந்து இருக்கும், நாளுக்கு 3.9 மில்லிகிராம் உடம்புக்குள் இறங்கும். வாரத்துக்கு இரண்டு முறை மாற்ற வேண்டும். ஞாயிறு, வியாழன் என்று கிழமையை நிலையாக வைத்துக்கொண்டு காலண்டரில் குறித்தால் குழப்பம் வராது. இடம் வயிறு, இடுப்பு, பின்புறம் (புட்டம்) ஆகிய மூன்றில் ஒன்று. பாவாடை நாடா, அரைஞாண் கயிறு, லுங்கி முடிச்சு உரசுகிற கோட்டில் மட்டும் ஒட்டாதீர்கள். வியர்வையைப் போலவே இந்த உரசலாலும் பேட்ச் கழன்றுவிழும். இடுப்புக் கோட்டுக்கு நான்கு விரல் கீழே, பின்புறத்தின் மேல்பகுதி வசதி. ஒருமுறை ஒட்டிய இடத்தில் 7 நாளைக்கு மறுபடி ஒட்டக் கூடாது.

பகலில் வேலைக்கு அலைகிறவர்கள் சாயங்காலம் குளித்துவிட்டு ஒட்டுவது நல்லது. அந்த இடத்தில் எண்ணெய், பவுடர், மஞ்சள் எதுவும் இருக்கக் கூடாது. துண்டால் துடைத்த பிறகும் ஃபேன் அடியில் நின்று தோல் நன்றாக உலரட்டும். உறையைப் பிரித்ததும் உடனே ஒட்டிவிட வேண்டும். வெட்டிப் பாதியாக்கக் கூடாது. பின்தாளின் ஒரு பாதியை உரித்து ஒட்டி, மறு பாதியை மடக்கி உரித்தபடியே அழுத்துங்கள். ஓரங்களை விரலால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். ஓரம் தூக்கினால்தான் வியர்வை உள்ளே புகும். அதன் பிறகு குளிக்கலாம். அங்கே மட்டும் நார் போட்டுத் தேய்க்க வேண்டாம். பாதி கழன்றால் அழுத்திப் பாருங்கள். முழுதாக விழுந்துவிட்டால் புதியதை வேறு இடத்தில் ஒட்டி, மாற்றும் கிழமையைப் பழையபடியே வைத்துக்கொள்ளுங்கள்.

உரிக்கும்போது மெதுவாக உரியுங்கள். பிசின் மிச்சமிருந்தால் குழந்தைகளுக்குத் தடவும் எண்ணெய் அல்லது சோப்புத் தண்ணீர் போதும், நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம். நாலு நாள் கழித்து உரித்த பேட்சிலும் பாதிக்கு மேல் மருந்து மிச்சம் இருக்கும். பிசின் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் குப்பையில் போடுங்கள். லேசான சிவப்பும் அரிப்பும் சகஜம். கொப்புளம் வந்தால் உரித்துவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்றால் பேட்ச் ஒட்டியிருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

பிசின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஜெல் உண்டு. நாளுக்கு ஒரு 1 கிராம் பொட்டலம்; வயிறு, தொடை, மேல்கை என்று இடம் மாற்றித் தடவ வேண்டும். அதில் ஆல்கஹால் இருப்பதால் காயும்வரை அடுப்பு, விளக்குப் பக்கம் போகக் கூடாது. 1 மணி நேரம் குளிக்க வேண்டாம். கையைக் கழுவி, தடவிய இடத்தைத் துணியால் மூடிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள்.

சித்திரை, வைகாசியில் கவனம் இன்னும் கூட வேண்டும். இந்த மருந்து வியர்வையையும் குறைக்கும். தகரக் கூரைக்கு அடியில் வேலை செய்கிறவருக்கு உடம்புச் சூடு இறங்க வழியில்லாமல் போகும். தோல் கொதித்துக் காய்ந்து, தலைசுற்றி, பேச்சு குழறினால் பேட்சை உரித்து, நிழலுக்குக் கொண்டுபோய் ஈரத்துணி போட்டு, 108-ஐ அழையுங்கள். அடிக்கடி போக வேண்டியிருக்கிறதே என்று தண்ணீரைக் குறைக்கிறவர்கள் நிறைய பேர். அது தப்பு: சிறுநீர் கெட்டியாகி மூத்திரப்பையை இன்னும் உறுத்தும். குறைப்பதென்றால் டீயைக் குறையுங்கள்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் குளோர்ஃபெனிரமைன் கலந்த சளி மாத்திரையும் இதே வகை வேலையைச் செய்யும். இரண்டும் சேர்ந்தால் வாய் வறட்சி, மலச்சிக்கல், மங்கல் பார்வை கூடும். வயதானவர்களுக்கு நினைவு தடுமாறும். தாத்தா திடீரென்று ஆளைத் தெரியாமல் பேசினால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

2 வாரத்துக்குப் பிறகும் பலன் தெரியாவிட்டால் மருத்துவரிடம் திரும்பிப் போங்கள். சிறுநீர் வராமல் அடைத்தாலும், ரத்தம் கலந்து வந்தாலும், முகமோ உதடோ நாக்கோ வீங்கினாலும் காத்திருக்கக் கூடாது. பேட்சை உரித்ததும் மருந்து உடனே நின்றுவிடாது; ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே 7, 8 மணி நேரம் ஆகும். எத்தனை மணிக்கு உரித்தீர்கள் என்பதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.