தேங்க்ஸ்கிவிங் வார இறுதி: காலேஜ் ஃபுட்பால் பரம வைரிகளின் ஆட்டங்களைக் கணிப்பது எப்படி?

நவம்பர் நான்காம் வியாழன் தேங்க்ஸ்கிவிங். அன்றிலிருந்து சனி இரவு வரை அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பழைய பகைகள் எல்லாம் வரிசையாக மைதானத்துக்கு வரும். ஒகையோ ஸ்டேட் – மிச்சிகன், அலபாமா – ஆபர்ன், ஜார்ஜியா – ஜார்ஜியா டெக், ஓலே மிஸ் – மிசிசிப்பி ஸ்டேட், 2024 முதல் மறுபடியும் டெக்சஸ் – டெக்சஸ் ஏ அண்ட் எம். "இந்த ஆட்டத்துல ஃபார்மைத் தூக்கி ஓரமா வை" என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். வைக்காதீர்கள். ஃபார்ம்தான் அடித்தளம். அதன்மேல் எவ்வளவு நிச்சயமின்மையை ஏற்றுவது என்பதுதான் இங்கே கற்க வேண்டிய விஷயம்.

ஒரு கூகுள் ஷீட்டும் இரண்டு மணி நேரமும் போதும். கோடிங் வேண்டாம். டச்டவுன், ஃபீல்டு கோல் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

1. எந்தெந்த ஆட்டங்கள்?

அந்த வருட அட்டவணையைப் பார்த்து எழுதுங்கள், நினைவிலிருந்து எழுதாதீர்கள். வாஷிங்டன் – வாஷிங்டன் ஸ்டேட் ஆட்டம் பல காலம் இந்த வாரத்தில்தான் இருந்தது. 2024-ல் வாஷிங்டன் பிக் டென் என்ற கான்ஃபரன்ஸுக்கு (கல்லூரிகள் சேர்ந்த லீக்) போனதும் அது செப்டம்பருக்கு நகர்ந்துவிட்டது. ஆர்மி – நேவி டிசம்பரில்தான் வரும்.

2. முடிவுகளை இறக்கிச் சுத்தம் செய்வது

ஸ்போர்ட்ஸ் ரெஃபரன்ஸ் தளத்தின் காலேஜ் ஃபுட்பால் பக்கத்தில் சீசன் அட்டவணை முழுவதும் ஒரே டேபிளாக இருக்கிறது. காலேஜ் ஃபுட்பால் டேட்டா தளமும் இலவசம்தான். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலாவதைத்தான் சொல்வேன். வென்ற அணி, அதன் புள்ளி, தோற்ற அணி, அதன் புள்ளி என்று கண்ணால் பார்த்தே புரிந்துவிடும். நடுவில் @ குறி இருந்தால் வென்ற அணி வெளியூரில் ஆடியது என்று பொருள்.

இங்கே மூன்று இடங்களில் கால் தடுக்கும்.

அந்த டேபிளில் தரவரிசை பெற்ற அணியின் பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் எண் ஒட்டியிருக்கும். ஒரு வாரம் "(2) ஒகையோ ஸ்டேட்", அடுத்த வாரம் "(4) ஒகையோ ஸ்டேட்". ஷீட்டுக்கு இவை இரண்டு வெவ்வேறு அணிகள். ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் பெட்டியை டிக் செய்து, தேடும் இடத்தில் ^\([0-9]+\). என்று கொடுங்கள், மாற்றும் இடத்தைக் காலியாக விடுங்கள். கடைசியில் உள்ள புள்ளிக்குறியை (.) விட்டுவிடக் கூடாது. எண்ணுக்கும் பெயருக்கும் நடுவே இருப்பது சாதாரண ஸ்பேஸாக இல்லாமலும் போகலாம், அது எதுவானாலும் அந்தப் புள்ளிக்குறி பிடித்துவிடும்.

அடுத்தது மயாமி. ஃபுளோரிடாவில் ஒன்று, ஒகையோவில் ஒன்று. இரண்டையும் கலந்துவிட்டால் அவற்றோடு ஆடிய எல்லா அணிகளின் எண்ணும் கெடும்.

மூன்றாவது, எஃப்.சி.எஸ். என்ற கீழ்ப்பிரிவு அணிகள். பல பெரிய கல்லூரிகள் வருடத்துக்கு ஒரு ஆட்டம் இவர்களோடு வைத்துக்கொள்வது வழக்கம், 50 புள்ளி வித்தியாசமெல்லாம் சாதாரணம். அந்த வரிகளை மொத்தமாக நீக்கிவிடுங்கள். அவற்றால் கிடைக்கும் தகவலைவிடக் குழப்பம் அதிகம்.

சுத்தம் செய்தபின் ஒவ்வொரு ஆட்டத்தையும் இரண்டு வரியாக்குங்கள்: வென்றவர் பக்கத்திலிருந்து ஒன்று, தோற்றவர் பக்கத்திலிருந்து மற்றொன்று. அணி, எதிரணி, புள்ளி வித்தியாசம் என மூன்று பத்தி.

3. வித்தியாசத்துக்கு வரம்பு கட்டுவது

வெற்றி தோல்வியை மட்டும் எண்ணினால் தகவல் போதாது. வித்தியாசத்தை அப்படியே எடுத்தால் ஒரே ஆட்டம் முழு சீசனையும் விழுங்கிவிடும். 2024 மிச்சிகனைப் பாருங்கள். ஒகையோ ஸ்டேட் ஆட்டத்துக்கு முன் அவர்கள் ஆடிய 11 ஆட்டங்களின் வித்தியாசம்:

+20, −19, +10, +3, +3, −10, −14, +7, −21, −5, +44

கூட்டினால் +18, சராசரி +1.6. கடைசியாக இருக்கும் +44, நார்த்வெஸ்டர்னை 50–6 என்று நொறுக்கியது. 24-க்கு மேல் எண்ணக் கூடாது என்று வரம்பு வைத்தால் கூட்டல் −2, சராசரி −0.2. சராசரிக்கு மேலான அணி என்று காட்டிய எண் ஒரே வெட்டில் சராசரி அணி ஆகிவிட்டது. 6–5 என்று நின்ற அணிக்கு இதுதான் பொருத்தம்.

அதே நாளில் ஒகையோ ஸ்டேட்டின் 11 ஆட்டங்களுக்கு வரம்பில்லாமல் +27.1, வரம்போடு +18.3. ஏக்ரன், வெஸ்டர்ன் மிச்சிகன், பர்டூ போன்றவர்களை 45, 56 என்று அடித்ததெல்லாம் இப்படித்தான் கழியும்.

24 என்பது என் விருப்பம். சிலர் 28 வைப்பார்கள், அதுவும் சரி. 14 வைத்தால் நல்ல அணிக்கும் மிக நல்ல அணிக்கும் வேறுபாடு மறைந்துவிடும்.

ஓவர்டைமில் முடிந்த ஆட்டங்களுக்கு +1, −1 மட்டும் போடுங்கள். எவ்வளவு நேரம் கூடுதலாக ஆடினாலும் அறுபது நிமிட ஆட்டத்தில் இருவரும் சமம் என்பதுதான் செய்தி. 2018-ல் டெக்சஸ் ஏ அண்ட் எம் 74–72 என்று எல்.எஸ்.யூ.வை (லூசியானா ஸ்டேட்) வென்றது ஏழு ஓவர்டைமுக்குப் பிறகு. முறையான நேரம் முடிந்தபோது 31–31.

4. எதிரணியின் பலம்: பலரும் சிக்கிக்கொள்ளும் படி

யாரோடு ஆடி அந்த வித்தியாசம் வந்தது என்பதைச் சேர்க்க வேண்டும். சூத்திரம் ஒரே வரி:

அணியின் ரேட்டிங் = அதன் சராசரி வித்தியாசம் + அதன் எதிரணிகளுடைய ரேட்டிங்கின் சராசரி

எதிரணியின் ரேட்டிங்குக்கு அவர்களுடைய எதிரணிகளின் ரேட்டிங் வேண்டும், அதில் நம் அணியும் இருக்கும். இதை அப்படியே ஷீட்டில் எழுதினால் "சர்குலர் டிபென்டென்சி" என்று சிவப்பில் கத்தும். செட்டிங்ஸில் இட்டரேட்டிவ் கால்குலேஷனை ஆன் செய்தால் சத்தம் அடங்கும், ஆனால் அந்த வழியில் போகாதீர்கள். ஒரு செல்லில் பிழை நுழைந்தால் அது எல்லா அணிக்கும் பரவி, பிழையைத் திருத்திய பின்னும் ஷீட் மீளாது.

அதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் போங்கள். முதல் பத்தியில் எல்லா அணிக்கும் சராசரி வித்தியாசம், இது சுற்று 0. அடுத்த பத்தியில் சராசரி வித்தியாசத்தோடு எதிரணிகளின் சுற்று 0 எண்களின் சராசரி, இது சுற்று 1. அடுத்ததில் சுற்று 1-ஐ எடுத்துக்கொள்ளும் சுற்று 2. ஃபார்முலாவை வலப்பக்கம் இழுத்துக்கொண்டே போனால் எண்கள் மெல்ல ஓரிடத்தில் நிலைக்கும்.

ஐந்து சுற்றில் நிறுத்திவிட்டு "பெரிய மாற்றமில்லை" என்று எடுத்துக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கல்லூரி ஃபுட்பாலில் ஒரு அணி தன் 12 ஆட்டங்களில் எட்டோ ஒன்பதோ சொந்த கான்ஃபரன்ஸுக்குள்ளேயே ஆடுகிறது. எஸ்.இ.சி. என்ற இன்னொரு கான்ஃபரன்ஸையும் பிக் டென்னையும் இணைக்கும் ஆட்டங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒரு கான்ஃபரன்ஸ் மொத்தமே பலமானதா என்ற செய்தி அந்தச் சில பாலங்கள் வழியாகத்தான் மெதுவாகக் கசிந்து வரும். ஆகவே 20 சுற்று ஓட்டுங்கள். கடைசி இரண்டு பத்திக்கும் வேறுபாடு 0.1-க்குக் கீழே வர வேண்டும்.

எல்லா எண்களும் ஒன்றுசேரக் கொஞ்சம் நகர்ந்தால் பதற வேண்டாம். எஃப்.சி.எஸ். ஆட்டங்களை நீக்கியதால் ஒவ்வொரு அணிக்கும் ஆட்ட எண்ணிக்கை சமமில்லை, அதனால் வரும் நகர்வு அது. ஒவ்வொரு சுற்றிலும் மொத்தச் சராசரியைக் கழித்துவிட்டால் சரியாகிவிடும்.

5. வீட்டு மைதானம், ஓய்வு, காயம்

வீட்டு அணிக்கு 2.5 புள்ளி. நடுநிலை மைதானத்துக்கு 0.

ஆபர்னின் மைதானத்தில் மட்டும் ஏதோ மந்திரம் இருப்பதாகச் சொல்லி 7, 8 என்று போடுபவர்கள் உண்டு. 2013, 2017, 2019 மூன்று முறையும் ஆபர்ன் அலபாமாவை வீழ்த்தியது அங்கேதான். அலபாமாவின் 57 யார்ட் ஃபீல்டு கோல் தவறி, பந்தைப் பிடித்த ஆபர்ன் வீரர் கிறிஸ் டேவிஸ் மைதானம் முழுக்க ஓடி 34–28 என்று முடித்த ஆட்டமும் அதில் ஒன்று. ஆனால் அந்த மூன்று வருடமும் ஆபர்ன் தரவரிசையில் இருந்த நல்ல அணி. ரேட்டிங்கில் ஏற்கெனவே இருப்பதை மைதானத்தின் கணக்கில் இன்னொரு முறை எழுதாதீர்கள்.

வியாழன், வெள்ளி ஆட்டங்களில் ஓய்வு நாட்களை எண்ணுங்கள். 2024-ல் ஜார்ஜியா டெக் முந்தைய ஆட்டத்தை வியாழக்கிழமையே முடித்துவிட்டது, ஜார்ஜியா சனிக்கிழமை ஆடியது. வெள்ளியன்று இருவரும் மோதியபோது டெக்குக்கு இரண்டு நாள் கூடுதல். இதற்கு 1 புள்ளி கொடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். டெக் பாதியில் 17–0 என்று முன்னிலை வகித்தது. எட்டு ஓவர்டைமுக்குப் பிறகு 44–42 என்று ஜார்ஜியா தப்பியது.

பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் முதல் குவார்ட்டர்பேக் ஆடவில்லை என்றால் சுமார் 5 புள்ளி. அதோடு நிற்காமல் அவரைக் காத்து வழி திறந்துவிடும் அஃபென்சிவ் லைனையும் பாருங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஒகையோ ஸ்டேட் அந்த வரிசையில் தன் முதல் லெஃப்ட் டேக்கிளும் சென்டரும் இல்லாமல் இறங்கியது. எதிரே மிச்சிகனின் தடுப்பு வரிசை நடுவில் நின்ற இருவரும் அடுத்த ஏப்ரலில் என்.எஃப்.எல். டிராஃப்டின் (தொழில்முறை லீக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் சுற்றில் போனவர்கள். ஓடி முன்னேற வழி கிடைக்காமல், இரண்டு ஃபீல்டு கோலும் தவறி, ஒகையோ ஸ்டேட் 13–10 என்று சொந்த மண்ணில் தோற்றது.

"வாழ்வா சாவா ஆட்டம்", "இடைக்காலக் கோச்", "பழிவாங்கும் வெறி" இவற்றுக்கெல்லாம் 0. கையால் சேர்க்கும் திருத்தங்கள் மொத்தம் 6 புள்ளியைத் தாண்டக் கூடாது.

6. புள்ளியை வெற்றி வாய்ப்பாக மாற்றுவது

ஷீட்டில் நார்ம்.டிஸ்ட் ஃபார்முலாவுக்கு நான்கு உள்ளீடு: கணித்த வித்தியாசம் (இரு ரேட்டிங்குக்கும் உள்ள இடைவெளியோடு 5-ஆம் படியின் திருத்தங்கள்), 0, திட்ட விலக்கம் (முடிவு கணிப்பிலிருந்து எவ்வளவு சிதறும் என்ற அளவு), ட்ரூ. திட்ட விலக்கத்துக்கு 17 போடுங்கள். பந்தயச் சந்தையின் ஸ்ப்ரெட்டை (சந்தை கணிக்கும் புள்ளி வித்தியாசம்) எடுத்தால்கூட உண்மை முடிவு அதிலிருந்து சுமார் 16 புள்ளி சிதறும். நம் கைக்கணக்கு அதைவிடக் கூர்மையாக இருக்காது.

3 புள்ளி முன்னிலை: 57%
7 புள்ளி: 66%
14 புள்ளி: 79%
20 புள்ளி: 88%

மேலே பார்த்த ஆட்டத்தையே போட்டுப் பார்ப்போம். 18.3-க்கும் −0.2-க்கும் இடைவெளி 18.5. மிச்சிகனின் அட்டவணையில் டெக்சஸ், ஆரிகன், இந்தியானா என்று கடினமானவர்கள் இருந்ததால் எதிரணித் திருத்தத்தில் 3 குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 15.5. வீட்டு மைதானம் 2.5. ஆக 18, வாய்ப்பு 86%. அதாவது ஏழில் ஒரு முறை மிச்சிகன் வெல்லும். அந்த ஏழில் ஒன்றுதான் அன்று வந்தது.

பகைக்கென்று தனிப் புள்ளி வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். 17 என்ற எண்ணுக்குள் அந்த விசித்திரமெல்லாம் அடக்கம். 2019-ல் மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு எதிராக ஓலே மிஸ் 4 விநாடி மிச்சமிருக்கும்போது டச்டவுன் அடித்துப் பின்தங்கலை 21–20 என்று ஒரு புள்ளியாகக் குறைத்தது. அடித்தவர் நாய்போல் காலைத் தூக்கிக் கொண்டாடியதற்கு 15 யார்ட் தண்டனை. 20 யார்டில் அடிக்க வேண்டிய எக்ஸ்ட்ரா பாயின்ட் (டச்டவுனுக்குப் பின் ஒரு புள்ளிக்கான உதை) 35 யார்டுக்குத் தள்ளிப்போய்த் தவறியது, ஆட்டம் கைவிட்டுப் போனது. இதை எந்த ரேட்டிங்கிலும் முன்கூட்டி எழுத முடியாது, ஆனால் இப்படி நடக்க இடம் விட்டுவைக்க முடியும்.

7. சந்தையோடு ஒப்பிடுவது

புதன் மாலை உங்கள் எண்ணை ஸ்ப்ரெட்டோடு வைத்துப் பாருங்கள். பணம் கட்டுவதற்காக அல்ல, பிழை பிடிக்க. 7 புள்ளிக்கு மேல் வேறுபட்டால் பெரும்பாலும் காயச் செய்தி ஒன்று உங்கள் கண்ணில் படவில்லை, அல்லது ஏதோ ஒரு பெயர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

8. அலுவலக பூலில் எழுதும்போது

அலுவலக நண்பர்கள் கணிப்பு எழுதிப் போட்டியிடுவதுதான் பூல். அது ஆட்டத்துக்கு நம்பிக்கை எண் (உறுதி கூடக் கூட உயர்ந்த எண்) கொடுக்கும் வகை என்றால், வாய்ப்பின் வரிசையிலேயே எண்ணைக் கொடுங்கள். பிடித்த அணிக்கு உயர்ந்த எண் கொடுத்துத்தான் பலரும் இழக்கிறார்கள். 10 ஆட்டத்துக்கும் தலா 70% என்றால் பத்தும் சரியாக வரும் வாய்ப்பு 3% கூட இல்லை. எதிர்பார்க்க வேண்டியது 7, ஐந்தோ ஒன்பதோ வந்தாலும் இயல்புதான்.

ஞாயிறன்று மதிப்பெண் போடுங்கள். கணித்த வாய்ப்பிலிருந்து முடிவைக் கழித்து (வென்றால் 1, தோற்றால் 0) வர்க்கம் எடுங்கள். 0.86 சொல்லித் தோற்றால் 0.74, 0.60 சொல்லி வென்றால் 0.16. எல்லாவற்றுக்கும் 0.5 சொன்னால் 0.25 கிடைக்கும், உங்கள் சராசரி அதற்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு வார இறுதி மோசமாகப் போனதற்காக 17-ஐ மாற்றாதீர்கள். மூன்று சீசன் முடிவுகள் கையில் சேர்ந்த பிறகு தொடுங்கள்.

பின்சேர்க்கை: ஆர்மி – நேவி

இதே ஷீட்டில் போடலாமா என்ற கேள்வி வருவதால் இது. போடலாம், இரண்டு மாற்றத்தோடு. நடுநிலை மைதானம் என்பதால் வீட்டுப் புள்ளி 0. இரு அணியும் பந்தை ஓடியே நகர்த்துவார்கள், கடிகாரம் நிற்காது, ஆளுக்குப் புள்ளி எடுக்கக் கிடைக்கும் வாய்ப்புகள் குறைவு. திட்ட விலக்கத்தை 13-க்கு இறக்கிக்கொள்ளுங்கள்.