பழைய பாட்டா, புதிய பாட்டா: நேர்மையாக ஒப்பிட்டுக் கேட்கும் முறை

பாப் இசை தரம் தாழ்ந்துவிட்டதா என்ற வாதத்தில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஒருவர் ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய தலைசிறந்த பாடல் ஒன்றை எடுத்து வைக்கிறார், அதற்கு எதிரே, நேற்று எங்கோ காதில் விழுந்த ஏதோ ஒன்றை நிறுத்துகிறார். ஐம்பது ஆண்டுகள் சலித்து எடுத்ததையும், இன்னும் சல்லடைக்கே வராததையும் அருகருகே வைத்தால் எது வெல்லும் என்பதற்குக் காது தேவையில்லை. உண்மையாகவே விடை காண விரும்புபவர் ஒரு மாலைப் பொழுதையும், நல்ல ஹெட்போன் ஒன்றையும், ஒரு தாளையும் ஒதுக்கினால் போதும்.

முதல் வேலை, பாடல்களை நினைவிலிருந்து எடுக்காமல் பட்டியலிலிருந்து எடுப்பது. அமெரிக்காவின் முன்னணி நூறு பாடல்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு ஹாட் 100 பட்டியல் 1958 ஆகஸ்ட் முதல் வாரந்தோறும் வெளிவருகிறது. பழைய வாரங்களின் பட்டியல்களும் இணையத்தில் கிடைக்கின்றன. பழைய ஆண்டு ஒன்றிலும் அண்மை ஆண்டு ஒன்றிலும் ஒரே மாதத்தின் ஒரே வாரத்தைத் தேர்ந்து, 1, 11, 21 என்று பத்துப் பத்தாகத் தாவி 91 வரை செல்லுங்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் பத்துப் பாடல்கள் கிடைக்கும். முதல் பத்து இடங்களை மட்டும் எடுப்பது கூடாது. காலம் எதை மறந்தது என்பது பட்டியலின் அடிப்பகுதியில்தான் தெரியும்.

1969ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்தின் பெருமையைப் பேசுபவர்கள் அமெரிக்காவில் நடந்த உட்ஸ்டாக் ராக் இசை விழாவைச் சொல்வார்கள், பீட்டில்ஸைச் சொல்வார்கள். ஆனால் பில்போர்டு அந்த ஆண்டின் முதன்மைப் பாடலாக அறிவித்தது 'சுகர், சுகர்' என்பதை. கார்ட்டூன் தொடர் ஒன்றில் வரும் ஆர்ச்சீஸ் என்ற கற்பனைக் குழுவின் பெயரில், ஸ்டூடியோக் கலைஞர்கள் பாடிக் கொடுத்த பாடல் அது. பிரிட்டனிலும் அது எட்டு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. (அது நல்ல பாட்டு என்பது என் கருத்து, ஆனால் "அந்தக் காலத்தில் எல்லாம் உயிரோட்டமான இசை" என்பவர் மனத்தில் இருப்பது நிச்சயமாக அதுவன்று.)

பட்டியலிலும் ஒரு கவனம் வேண்டும். 1991 நவம்பருக்கு முன் கடைகளும் வானொலி நிலையங்களும் தந்த அறிக்கைகளைக் கொண்டே அது தயாரானது. அதன்பின்தான் விற்பனை கருவிகளால் எண்ணப்பட்டது. இப்போது ஸ்ட்ரீமிங் கணக்கும் சேர்கிறது. ஆகவே இரு ஆண்டுகளின் முதலிடமும் ஒரே பொருளைக் குறிப்பதில்லை.

அடுத்து ஒலியளவு. பெரும்பாலோர் இதைத் தவறவிடுகிறார்கள். முதன்முறை நானும் தவறவிட்டு, ஒரு மாலை முழுவதையும் வீணாக்கினேன். ஒரே இசையைச் சற்றே உரக்க ஒலிக்கவிட்டால், உரக்க இருப்பதாக மனம் உணர்வதில்லை. தெளிவாகவும் நிறைவாகவும் இருப்பதாகவே உணர்கிறது. மெல்லிய ஒலியில் கீழ்ச்சுரங்களைக் காது குறைவாகவே வாங்குகிறது என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற ஒலியியல் ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து காட்டினார்கள். 1990களிலிருந்து ஒலிப்பதிவு நிறுவனங்கள் ஒன்றையொன்று விஞ்சும் வேகத்தில் பதிவின் சராசரி உரப்பை உயர்த்திக்கொண்டே போனதால், சமன்செய்யாமல் கேட்டால் புதிய பாடல் முதலில் கவர்ந்து, பத்து நிமிடத்தில் களைப்பைத் தரும். ஸ்ட்ரீமிங் செயலியின் அமைப்புகளில் ஒலியளவைச் சமன்செய்யும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். கோப்புகள் கைவசம் இருந்தால், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு, உதாரணமாக மைனஸ் 18 எல்.யு.எஃப்.எஸ்.க்கு (காது உணரும் உரப்பை அளக்கும் அலகு இது), கொண்டுவரலாம்.

அந்த மென்பொருளிலேயே இரண்டு பாடல்களின் அலைவடிவத்தையும் மேலும் கீழுமாக வைத்துப் பாருங்கள். 1970களின் பதிவு பெரும்பாலும் சீப்பின் பற்களைப் போல இருக்கும்: முரசு அடிபடும் இடங்களில் நெடிய கூர்முனைகள், நடுவே பள்ளங்கள். 2000களின் பதிவோ பலமுறை செங்கல்லைப் படுக்கவைத்தாற்போல விளிம்பு மழுங்கி, சரணத்துக்கும் பல்லவிக்கும் உயர வேறுபாடே இல்லாமல் இருக்கும். பழைய பாடலும் செங்கல்லாகத் தெரிந்தால் வியக்க வேண்டாம். நீங்கள் திறந்தது பிற்காலத்தில் மறுமெருகேற்றிய (ரீமாஸ்டர் செய்த) பதிப்பாக இருக்கக்கூடும். பதிப்பின் ஆண்டைப் பார்த்து, இயன்றவரை மூலப் பதிப்பையே தேடுங்கள்.

இனி கேட்கலாம். பெயர்களை மறைத்து, வரிசையைக் கலைத்து, வேறொருவர் ஒலிக்கவிடுவது நல்லது. ஒவ்வொரு பாடலையும் மூன்று முறை கேளுங்கள்: முதல் முறை எதையும் எழுதாமல், இரண்டாம் முறை மெட்டையும் அதன் அடியில் மாறும் சுரக்கூட்டுகளையும் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள், அதாவது கார்டுகள்) கவனித்து, மூன்றாம் முறை தாளத்தையும் ஒலிநிறத்தையும் கவனித்து. ஒரே சுரத்தை வயலினும் புல்லாங்குழலும் எழுப்பும்போது காதுக்குப் புலப்படும் வேறுபாட்டையே ஒலிநிறம் என்கிறேன். பாடல் வரிகளை இதில் சேர்க்காதீர்கள். அவற்றுக்குத் தனி மாலை வேண்டும். நீளத்தையும் முன்னிசையையும் வைத்துப் பாடலைக் குறைத்து மதிப்பிடவும் வேண்டாம். பத்து அங்குல 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடமே கொள்ளும் என்பதால் பழைய பாடல்கள் சுருங்கின. ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி ஓடினால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு என்பதால், கேட்பவரை உடனே பிடித்துவைக்க வேண்டிய நெருக்கடி புதிய பாடல்களுக்கு. சந்தை எப்போதும் கத்தரிக்கோலோடுதான் இருந்திருக்கிறது.

உங்கள் குறிப்புகளை ஆய்வுகளோடு ஒத்துப் பார்ப்பதும் பயனுள்ளது. 2012இல் ஸ்பெயினின் ஆய்வாளர்கள் 1955 முதல் 2010 வரையிலான 4,64,411 பதிவுகளைக் கணினியில் ஆராய்ந்து, சுரத்திலிருந்து சுரத்துக்குச் செல்லும் வழிகள் குறைந்திருப்பதையும், ஒலிநிறங்களின் வகை சுருங்கியிருப்பதையும், உரப்பு கூடியிருப்பதையும் கண்டார்கள். ஆனால் 2015இல் லண்டன் ஆய்வாளர்கள் 1960 முதல் 2010 வரை ஹாட் 100இல் இடம்பெற்ற சுமார் 17,000 பாடல்களை ஆராய்ந்தபோது, தொடர்ந்து சுருங்கிவரும் போக்கு தென்படவில்லை. 1964, 1983, 1991 ஆகிய ஆண்டுகளில் பெரும் மாற்றங்களும், பன்மை மிகக் குறைந்த ஆண்டாக 1986உம் தென்பட்டன. இரண்டையும் ஒரே வரியில் "அறிவியலே சொல்லிவிட்டது" என்று மேற்கோள் காட்டுபவர் இரண்டையும் படிக்காதவர். மேலும், இரண்டுமே அளந்தது பன்மையைத்தான், தரத்தை அன்று.

கடைசியாக அளக்க வேண்டியது உங்களையே. பதின்வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்ட பாடல்கள் வாழ்நாள் முழுதும் நெஞ்சில் ஒட்டிக்கொள்கின்றன. "இக்கால இளைஞர்களுக்கே பழைய பாட்டுதான் பிடிக்கிறது" என்பதும் உறுதியான சான்றன்று: 2013இல் க்ரம்ஹான்சல், ஸுப்னிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வில், இளைஞர்களுக்குத் தம் பெற்றோரின் இளமைக்காலப் பாடல்கள் மீதும், அதற்கு முந்தைய தலைமுறையின் 1960களின் பாடல்கள் மீதும் தனிப் பற்று காணப்பட்டது. பிடிப்பு வீட்டுவழி இறங்குகிறது. எனவே ஒப்பிடும் இரு ஆண்டுகளும் உங்களுடைய 12 முதல் 25 வயதுக்குள் விழாதவாறு தேர்ந்தெடுங்கள்.

முடிவை எழுதும்போது "மோசம்" என்ற சொல்லைத் தவிர்த்து, எந்த ஆண்டு, எந்தக் கூறு என்று குறிப்பிடுங்கள். என் தாளில் சுரக்கூட்டு மாற்றங்களில் பழைய பத்து முந்தியது. தாளத்தின் நுணுக்கத்தில் புதிய பத்து தெளிவாக முந்தியது. மெட்டில் இரண்டுக்கும் நடுவே நான் எதிர்பார்த்த இடைவெளி இல்லை. எழுதி முடித்ததும் தாளை மடித்து வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து, எதையும் ஒலிக்கவிடாமல், இருபதில் எத்தனை மெட்டுகளை முணுமுணுக்க முடிகிறது என்று பாருங்கள். எனக்கு வந்தவை நான்கு. இரண்டு பழையவை, இரண்டு புதியவை.