சவ்சவ்: விதையை அல்ல, காயையே நடுங்கள்

நுவரெலியா, வெலிமடைப் பக்கங்களில் வேலியோரம் சவ்சவ் காய்த்துத் தொங்கினாலும், அதன் விதை பொட்டலமாக விற்பனைக்கு வருவதில்லை. பூசணிக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் இந்தக் காய்க்குள் ஒரேயொரு விதைதான் உண்டு. அதற்குக் கெட்டியான மேலோடு இல்லாததால், வெளியே எடுத்து உலர்த்தினால் செத்துவிடும். ஆகவே அது காய்க்குள் இருந்தபடியே, சில வேளைகளில் கொடியில் தொங்கும்போதே, முளைத்துவிடுகிறது.

முதலில், நன்கு முற்றிய, கீறல் படாத இரண்டு மூன்று காய்களைத் தெரிவு செய்யுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் கிடந்த காய் வேண்டாம். வெயில் படாத சமையலறை மூலையில் ஒரு சாக்கின் மேல் வைத்துவிட்டால் போதும். தண்ணீர் தெளிக்கத் தேவையில்லை, முளைக்கு வேண்டிய ஈரம் சதைக்குள்ளேயே இருக்கிறது. அகன்ற முனையிலுள்ள பிளவு மெல்ல விரிந்து, அதன் வழியே பச்சைத் தண்டு எட்டிப் பார்க்கும். அது ஒரு சாண் வளர்ந்ததும் நடலாம்.

நடும் முறையில்தான் பலருக்கும் குழப்பம். தண்டும் வேரும் ஒரே முனையிலிருந்து, அதாவது அந்த அகன்ற பிளவிலிருந்தே வருகின்றன. முளை மேலே போக வேண்டும் என்று எண்ணி அந்த முனையை வானம் பார்க்க நிறுத்தினால் வேர் மண்ணைத் தொடாது. முழுக் காயையும் ஆழப் புதைத்தாலோ மழைக்காலத்தில் அழுகிவிடும். காயைச் சாய்த்துப் படுக்கவைத்து, அகன்ற முனை சற்றுத் தாழ்ந்திருக்குமாறு, வேர் தென்படும் இடம்வரை மண்ணால் மூடுங்கள். காம்பு இருந்த ஒடுங்கிய முனை கொஞ்சம் வெளியே தெரியட்டும். தண்டின் நுனி எக்காரணம் கொண்டும் மண்ணுக்குள் போகக்கூடாது.

சரிவான நிலமாயின், குழிக்கு மேற்புறம் சிறிய கான் ஒன்று வெட்டி மழைநீரைத் திருப்பிவிடுங்கள். மாட்டெருவும் காய்ந்த இலைகளும் தாராளமாகப் போடலாம்.

கொடி பற்றி ஏறுவதற்குத் தொடக்கத்தில் கவ்வாத்து மிலாறே, அதாவது தேயிலைச் செடியிலிருந்து வெட்டிக் கழித்த குச்சிகளே, போதும். பந்தலுக்கு மூங்கிலையும் கயிற்றையும்தான் நான் பரிந்துரைப்பேன். நைலோன் வலையில் பிஞ்சுகள் கண்களுக்குள் சிக்கிப் பருத்துவிடுவதோடு, காய்ந்த கொடியை அதிலிருந்து பிரித்தெடுப்பதும் பெரும்பாடு. பந்தல் உறுதியாக இருக்கட்டும். காய்ப்பு காலத்தில் பாரம் அதிகம்.

சவ்சவ்வின் தாயகம் மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும். பகல் ஏறத்தாழ 12 மணி நேரமாகக் குறையும்போதே அது பூக்கும் என்பதால், குளிர்நாடுகளில் நெடுநாள் காத்திருக்க வேண்டும். இங்கோ ஆண்டு முழுவதும் பகலின் நீளம் அதையொட்டியே இருக்கிறது.

பிற்சேர்க்கை: பூக்கள் கொத்தாக உதிர்கின்றன என்று சிலர் கேட்டிருந்தார்கள். கொத்தாக வருபவை ஆண் பூக்கள்; அவை உதிர்வது இயல்பு. அதே இலைக்கக்கத்தில், அடியில் குட்டிக் காயுடன் தனியாக நிற்பதே பெண் பூ. அந்தப் பிஞ்சும் மஞ்சளித்து விழுந்தால் மகரந்தம் சேரவில்லை என்று கொள்ளலாம். தேனீக்கள் வரும் காலை வேளையில் மருந்து அடிப்பதை நிறுத்துங்கள்.

துகள் உறைபனியில் கொடி கருகிவிட்டதாக நுவரெலியாவிலிருந்து இன்னொருவர் எழுதியிருந்தார். அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். கருகிய பகுதியை மட்டும் வெட்டிவிட்டு, அடியை இலைகளால் மூடிவையுங்கள். மண்ணுக்குள் கிழங்கு பிழைத்திருந்தால் மறுபடி துளிர்க்கும். முதிர்ந்த கொடியின் அந்தக் கிழங்கையும், இளந்தளிரையும் கூடச் சமைத்துச் சாப்பிடலாம்.