ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு எத்தனை மெகாஜூல்? குன்னூர் ஃபேக்டரியையும் கென்யா ஃபேக்டரியையும் ஒப்பிடும் முறை

ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 7.3.1 என்ற குறியீடு, ஒரு நாடு செலவழிக்கும் முதன்மை எரிசக்தியை (மின்சாரமாக மாற்றுவதற்கு முன் இயற்கையிலிருந்து எடுக்கும் ஆற்றல்) அதன் ஜிடிபியால் வகுக்கிறது. தேயிலை ஃபேக்டரிக்கு அப்படிப் பணத்தால் வகுப்பது பொருந்தாது. ஏலத்தில் விலை ஏறினாலே திறன் கூடியதுபோல் காட்டிவிடும். அதனால் கிலோவால் வகுங்கள்: ஒரு கிலோ தயார்த் தூளுக்கு எத்தனை மெகாஜூல். சிடிசி (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் முறை), ஆர்த்தடாக்ஸ் (இலையை உருட்டும் பழைய முறை) இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும்.

மின்சாரத்துக்கு பில்லை நம்பாதீர்கள். பில் தேதியும் உற்பத்தி மாதமும் பொருந்தாது. 1-ஆம் தேதி காலை, ஷிப்ட் தொடங்கும் முன் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். தொழிலாளர் லயன் வீடுகளும் பங்களாவும் அதே இணைப்பில் இருந்தால் சப்-மீட்டர் வைத்துக் கழித்துவிடுங்கள். ஒரு யூனிட் 3.6 மெகாஜூல். ஜெனரேட்டர் ஓடினால் அது தந்த யூனிட்டைச் சேர்க்காமல், எரித்த டீசலை லிட்டருக்குச் சுமார் 36 மெகாஜூல் என்று சேருங்கள்.

கணக்கு கெடுவது பெரும்பாலும் விறகில்தான். கற்பூர மரமோ (யூகலிப்டஸ்) சீகையோ (வாட்டில்), முழுக்கக் காய்ந்தால் கிலோவுக்குச் சுமார் 18.5 மெகாஜூல் தரும். 30% ஈரமிருந்தால் கையில் கிடைப்பது 12.2, 50% ஈரமிருந்தால் வெறும் 8. 30% ஈர விறகு 1.5 கிலோ செய்யும் வேலைக்கு, ஜூலை மழையில் நனைந்து 50% ஈரமான விறகு 2.3 கிலோ வரை போகும். எடையை மட்டும் பார்த்தால் டிரையர் கெட்டுவிட்டதோ என்று தோன்றும்.

ஈரம் பார்க்க, அடுக்கின் நடுவிலிருந்து நாலைந்து கட்டைகளை எடுத்துப் பிளந்து, உள்பகுதியில் அரை கிலோ சீவல் எடுங்கள். 105 டிகிரி ஓவனில் எடை குறைவது நிற்கும்வரை வைத்து, குறைந்த எடையை முதல் எடையால் வகுங்கள். ஊசி குத்தி ஈரம் பார்க்கும் மீட்டர்கள் பெரும்பாலும் உலர் எடையை வைத்துச் சொல்கின்றன; நம் 30% அதில் 43% என்று வரும். வெளிநாட்டுக் கணக்கு வந்தால் முதலில் இதைக் கேளுங்கள். விறகைக் கன மீட்டரில் எழுதியிருந்தால், கட்டைகளுக்கு இடையிலுள்ள காற்றும் அதில் அடக்கம். எடையாக மாற்றித் தரச் சொல்லுங்கள்.

மாதிரிக்கு ஒரு மாதம்: தூள் 60,000 கிலோ, மின்சாரம் 36,000 யூனிட், 30% ஈர விறகு 90,000 கிலோ. கிலோ தூளுக்கு மின்சாரம் 2.16, விறகு 18.3, ஆக 20.5 மெகாஜூல்.

கென்யாவோடு ஒப்பிடும்போது மின்சாரத்தை முதன்மை எரிசக்தியாக மாற்றவே கூடாது. சர்வதேச எரிசக்தி முகமை புவிவெப்ப மின்சாரத்துக்கு 10%, நீர்மின்சாரத்துக்கு 100% திறன் என்று வைத்துக் கணக்கிடுகிறது. கென்யாவில் புவிவெப்பமே பெரும்பங்கு. அந்த முறையில் அங்கே புவிவெப்ப மின்சாரம் ஒரு யூனிட் 36 மெகாஜூலாகும்; குந்தா நீர்மின்சாரத்தில் அதே யூனிட் 3.6தான். ஃபேக்டரி ஒன்றுமே செய்யாமல் பத்து மடங்கு வித்தியாசம் வந்துவிடும்.

மாதத்துக்கு மாதம் ஒப்பிடாதீர்கள். இங்கேயும் அங்கேயும் மழை மாதங்கள் முழுக்கப் பொருந்தாது. மழை மாதங்களில் ஈரக் கொழுந்தை வாட்டவும் உலர்த்தவும் வெப்பம் கூடுதலாகப் போகும். கடைசி 12 மாதங்களைக் கூட்டி, அதே காலத்துத் தூளால் வகுங்கள். பிறகு ஒவ்வொரு ஃபேக்டரியும் தன் அடிப்படை ஆண்டிலிருந்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் இறங்கியது என்று பாருங்கள். 24-லிருந்து நான்கு ஆண்டில் 20.5-க்கு வந்தால் ஆண்டுக்குச் சுமார் 3.9%. இடையில் சிடிசியிலிருந்து ஆர்த்தடாக்ஸுக்கு மாறியிருந்தால் அந்த ஆண்டையே புதிய அடிப்படையாக வையுங்கள்.