கூட்டாக நடத்தும் கலைக்கூடத்தில் தொண்டராகச் சேருவோருக்கு

கொழும்பில், முதலாளி என்று ஒருவர் இல்லாமல் உறுப்பினர்களே கூடி முடிவெடுத்து நடத்தும் கலை, இசைக் கூடமொன்றில் தொண்டராகச் சேர விரும்புவோர், மேடைப் பொறுப்பைக் கேட்பதைவிட, நிகழ்ச்சி முடிந்தபின் கூடத்தை ஒழுங்குபடுத்தும் பணியை ஏற்பது நல்லது. ஆள் குறைவது பெரும்பாலும் அந்நேரத்தில்தான்.

மைக் வயர்களை முழங்கையில் இறுக்கிச் சுற்றினால் உள்ளிருக்கும் இழைகள் முறுகி நாளடைவில் அறுந்துவிடும் என்பதால், அவற்றைத் தளர்ந்த வளையங்களாகச் சுருட்டி வையுங்கள். மின்கருவிகளுக்கும் ஒரு வரிசை உண்டு: தொடங்கும்போது, ஒலிகளைக் கலக்கும் மிக்சரை முதலிலும், ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபயரைக் கடைசியிலும் இயக்க வேண்டும், நிறுத்தும்போது ஆம்ப்ளிஃபயரை முதலில் அணைத்தால், ஸ்பீக்கரைப் பதம்பார்க்கும் அந்த 'டப்' ஓசை எழாது.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி தேவை. 2007இல் உயர் நீதிமன்றம் வழங்கிய உத்தரவின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையான நேரத்துக்குப் பொதுவாக அவ்வனுமதி வழங்கப்படுவதில்லை என்பதால், வெள்ளவத்தை போன்று வீடுகள் நெருங்கிய பகுதியில் (அயலவரின் பொறுமையையும் கணக்கில் கொண்டு) கடைசிப் பாடல் ஒன்பதரைக்குள் முடியுமாறு நிகழ்ச்சி நிரலை அமைக்கச் சொல்லுங்கள்.

கூடத்தின் திறப்பும் நுழைவுச்சீட்டுப் பணமும் யாரிடம் உள்ளன என்பதை அன்றிரவே குறிப்பேட்டில் எழுதி, இருவர் கையொப்பமிட வேண்டும்.