மொட்டை மாடியில் மழை அளந்து, முப்பது வருடத்தோடு ஒப்பிடுவது எப்படி?

சென்னை ராயபுரத்தில் ஒரு ராத்திரி மழை கொட்டித் தீர்த்தால் "எல்லாம் காலநிலை மாற்றம்" என்கிறோம். மார்கழியில் நாலு நாள் விடியற்காலை குளிர்ந்தால் "பூமி சூடாகுதுன்னு யார் சொன்னது?" என்கிறோம். இரண்டுமே தப்பு. இன்றைக்குப் பெய்வது வானிலை. ஓரிடத்தில் 30 வருடம் எழுதிவைத்த வானிலையின் சராசரியும், அது வழக்கமாக எவ்வளவு ஏறி இறங்கும் என்பதும் சேர்ந்ததுதான் காலநிலை. அந்தச் சராசரியே இடம் பெயர்ந்தால்தான் மாற்றம். கையால் அளந்து எழுதிப் பார்த்தால் இது சட்டென்று பிடிபடும்.

உள்விட்டம் 11.3 செ.மீ. உள்ள பிளாஸ்டிக் புனல் வாங்குங்கள். அதன் வாய்ப்பரப்பு 100 சதுர செ.மீ.; அதனால் 10 மில்லி தண்ணீர் சேர்ந்தால் 1 மி.மீ. மழை. வேறு அளவுப் புனல் என்றால், சேர்ந்த மில்லியைப் பரப்பால் வகுத்துப் பத்தால் பெருக்குங்கள். அடியில் 5 லிட்டர் கேன் வையுங்கள். 2 லிட்டர் பாட்டில் 200 மி.மீ.க்கே நிரம்பி வழிந்துவிடும். வானிலை ஆய்வு மையம் அதிகனமழை என்று சொல்வதோ 204.5 மி.மீ.யிலிருந்து. அளந்தே ஆக வேண்டிய நாளில் கணக்கு கைவிட்டுப் போகும்.

புனலையும் கேனையும் டேப் சுற்றி இறுக்கினால், உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் தண்ணீர் புனலிலேயே தேங்கி நிற்கும். கேனின் தோள்பகுதியில், புனலின் நிழல் விழும் இடத்தில், ஆணியால் ஒரு சிறு துளை போடுங்கள். கைப்பிடிச் சுவர் 3 அடி என்றால் அதிலிருந்து 6 அடியாவது தள்ளி வையுங்கள்; இல்லாவிட்டால் சாய்ந்து வரும் மழையைச் சுவர் மறைக்கும். தரையில் பட்டுத் தெறிக்கும் தண்ணீர் உள்ளே விழாதபடி புனலின் வாய் ஓரடிக்கு மேல் இருக்கட்டும். சுற்றிலும் செங்கல் முட்டுக் கொடுங்கள். புனலின் துளையில் வேப்பிலை அடைத்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

தினமும் காலை 8:30க்கு அளந்து அன்றைய தேதியில் எழுதுங்கள். வானிலை ஆய்வு மையத்தின் வழக்கமும் அதுதான். நேரம் மாறினால் அவர்கள் எண்ணோடு ஒப்பிட முடியாது. சமையலறை எலக்ட்ரானிக் தராசு இருந்தால் இன்னும் சுலபம்: 10 கிராம், 1 மி.மீ. மழை.

வெப்பத்தையும் எழுதுவதென்றால், வெப்பமானியைத் தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்தில், வெயில் படாத, காற்றாடும் இடத்தில் மாட்டுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியிலும் ஏசி அவுட்டோர் யூனிட்டுக்கு அருகிலும் வேண்டாம். மே மாதத்தில் கச்சான் என்னும் மேற்குக் காற்று ஓங்கிக் கடற்காற்று தாமதித்தால் கடலோரக் காசிமேட்டிலேயே அனல் அடிக்கும். அது அன்றைய வானிலை.

இனி ஒப்பீடு. சென்னையில் வானிலை ஆய்வு மையம் இருக்கும் நுங்கம்பாக்கத்தின் 1991–2020 சராசரியை மாதவாரியாக நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சென்னைக்கு வருடத்துக்குச் சுமார் 1400 மி.மீ.; பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடும். 2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 1000 மி.மீ.க்கு மேல் பெய்தது. 1918 நவம்பரிலும் அப்படிப் பெய்திருக்கிறது. அதனால் ஒரு மாதத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. 2015இல் வெள்ளம் பார்த்த ஊர்தான் 2019இல் புழல் ஏரி வறண்டு குடத்தோடு அலைந்தது.

வியாசர்பாடியில் இடுப்பளவு தண்ணீர் நின்றதை மழையளவாக எழுதாதீர்கள். கால்வாய் அடைப்பும் தாழ்ந்த நிலமும் அதில் சேர்ந்திருக்கின்றன. ராத்திரிப் புழுக்கத்திலும், பகல் சூட்டைப் பிடித்துவைக்கும் கான்கிரீட்டின் பங்கு உண்டு.

இதையெல்லாம் கழித்த பிறகும் உலகச் சராசரி நகர்ந்திருக்கிறது என்பது உறுதி: 1850–1900ஐ விட 2011–2020இல் சுமார் 1.1 டிகிரி கூடுதல். ஒரு டிகிரி ஏறினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் வாய்ப்பும் கூடுகிறது.

வீடு மாறினால் புது நோட்டு போடுங்கள். காசிமேட்டு எண்களுக்குக் கீழே பெரம்பூர் எண்களை எழுதினால், கடலை விட்டுத் தள்ளி வந்ததே காலநிலை மாற்றம் மாதிரித் தெரியும்.