வீட்டில் தேனீத் தொல்லை: கூட்டில் கைவைக்கும் முன்

தேனீயைக் கண்டதும் பல வீடுகளில் முதலில் தேடுவது தீப்பந்தத்தை. பந்தம் இல்லாவிட்டால் கரப்பான் மருந்து ஸ்பிரே. இரண்டுமே தேவைப்படாது. வீட்டுப் பக்கம் தேனீ வந்து தொல்லையாவதற்கு முக்கியக் காரணங்கள் நான்கு: தண்ணீர், இரவு விளக்கு, போகிற வழியில் இளைப்பாறல், கூடு. இவற்றில் எது என்று தெரியாமல் எதைச் செய்தாலும் தொல்லை கூடத்தான் செய்யும். நாய்க் கிண்ணத்தில் தண்ணீர் குடிக்க வரும் தேனீயின் கூடு இரண்டு தெரு தள்ளி எங்கோ இருக்கும். அதற்காக உங்கள் மாமரத்தில் மருந்தடித்து என்ன பயன்?

வந்திருப்பது யார்

பெரிய ஒற்றை அடை, முறம் போல் விரிந்து, மேல்நிலைத் தொட்டிக்கு அடியிலோ அடுக்குமாடி சன்ஷேடிலோ ஆலமரக் கிளையிலோ திறந்தவெளியில் தொங்கினால் அது மலைத்தேனீ. சில அடைகள் ஒரு மீட்டர் அகலம்கூட வரும். ஆளையும் நாயையும் மாட்டையும் கொல்லக்கூடிய தேனீ இதுதான். தூரத்திலிருந்து பார்த்தால் அடையின் மேல் அலை அலையாக ஒரு மினுமினுப்பு ஓடும். குளவியோ பறவையோ நெருங்கும்போது தேனீக்கள் வரிசையாக வயிற்றைத் தூக்கிக் காட்டும் எச்சரிக்கை அது. அலை அடிக்கடி ஓடினால் கூடு கலவரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மருதாணி வேலியிலோ எலுமிச்சைக் குச்சியிலோ உள்ளங்கை அளவில் ஓர் அடை இருந்தால் கொம்புத்தேனீ. சாது. நாய் முட்டாத உயரத்தில் இருந்தால் விட்டுவிடலாம். சுவர்ப் பொந்து, பழைய பானை, தண்ணீர் மீட்டர் குழி போன்ற இருட்டான இடத்தில் பல அடைகளை அடுக்கடுக்காகக் கட்டுவது அடுக்குத்தேனீ. இதைப் பெட்டியில் வைத்தும் வளர்ப்பார்கள். சுவர் விரிசலிலிருந்து பிசின் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டு, எள் அளவு கறுப்புப் பூச்சிகள் போய்வந்தால் கொசுத்தேனீ. அதற்குக் கொட்டத் தெரியாது. கூட்டைக் குடைந்தால் தலைமுடியில் சிக்கிக் கடிக்கும், அவ்வளவுதான். அதை விரட்டக் கேட்பவர்களுக்கு ஒரே பதில்: விரட்டாதீர்கள்.

மூங்கிலையும் மர உத்திரத்தையும் துளைக்கும் பெரிய கருவண்டும் தேனீ இனம்தான். முகத்துக்கு நேரே வந்து ரீங்காரமிட்டு மிரட்டுவது ஆண். அதற்குக் கொடுக்கே இல்லை. மரத்துக்கு வார்னிஷோ பெயின்டோ அடித்தால் புதிதாகத் துளைப்பது பெரும்பாலும் நின்றுவிடும்.

பனையிலும் தென்னையிலும் காகிதம் போன்ற உருண்டைக் கூடு கட்டும் கதண்டு தேனீ அல்ல, குளவி. கொடுக்கு உடலிலேயே இருப்பதால் ஒன்றே பலமுறை கொட்டும். இதற்கு மட்டும் யோசிக்காமல் தீயணைப்பு நிலையத்தை 101இல் கூப்பிடுங்கள்.

தண்ணீருக்கு வரும் தேனீ

பங்குனி, சித்திரை வெயிலில் வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த வகை. கூட்டின் சூட்டைத் தணிக்கத் தேனீக்கள் தண்ணீரைக் கொண்டுபோய் அடையில் பூசி இறக்கையால் விசிறும். ஓரிடம் பழகிவிட்டால் நாள் முழுக்க அங்கேயே வரும். சொட்டும் குழாய், துவைக்கும் கல், ஏசி தண்ணீர் சொட்டும் மூலை, எல்லாவற்றுக்கும் மேலாக நாய்க் கிண்ணம். கிண்ணத்தில் மிதக்கும் தேனீயோடு தண்ணீரை நக்கினால் நாக்கிலோ தொண்டையிலோ கொட்டு விழும். உடம்பில் விழும் பத்துக் கொட்டைவிடத் தொண்டையில் விழும் ஒன்று மோசம்.

கிண்ணத்தை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. பழகிய தேனீ அடுத்த ஈரத்தைத் தேடி அதே முற்றத்தில் சுற்றும். மாற்றுத் தண்ணீர் வைத்து, மெல்ல நகர்த்த வேண்டும்.

அகலமான மண்தட்டு ஒன்றில் கூழாங்கல்லையோ தேங்காய் மட்டைத் துண்டுகளையோ நிரப்பி, அவை பாதி முழுகும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். தேனீக்கு நிற்க இடம் வேண்டும். ஆழமான தண்ணீரில் அது மூழ்கிச் சாகும். லிட்டருக்கு அரை டீஸ்பூன் கல் உப்பு போடுங்கள். தேனீக்கு லேசான உப்புத் தண்ணீர் பிடிக்கும். நாய் ஒரு வாய் குடித்தாலும் கெடுதலில்லை. தட்டை முதல் இரண்டு நாள் பழைய கிண்ணம் இருந்த இடத்திலேயே வையுங்கள். நாய்க் கிண்ணம் அந்த நாள்களில் வீட்டுக்குள் இருக்கட்டும். மூன்றாம் நாளிலிருந்து தினமும் மூன்று நான்கு அடி வீதம் தோட்ட மூலைக்கு நகர்த்துங்கள். இருட்டிய பிறகு நகர்த்தினால் கொட்டு வாங்காமல் முடிக்கலாம். ஒரேயடியாக முப்பது அடி தள்ளி வைத்தால் தேனீ பழைய இடத்துக்கே வந்து நிற்கும். இந்த முறை தோற்பதற்கு முதல் காரணம் அவசரம்தான். இரண்டாவது காரணம், தட்டைக் காயவிடுவது. ஒரு மதியம் காய்ந்தால் போதும், மறுபடி குழாயடிக்கு வந்துவிடும்.

வாரத்துக்கு இரண்டு முறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். இல்லாவிட்டால் தேனீயை அனுப்பிவிட்டு டெங்கு கொசுவை வளர்ப்பீர்கள். குழாய் வாஷரை மாற்றுங்கள். தட்டில் சர்க்கரை மட்டும் கரைக்காதீர்கள்: ஊரில் உள்ள தேனீயும் எறும்பும் சேர்ந்து வரும்.

விளக்குக்கு வரும் தேனீ

இருட்டியபின் டியூப் லைட்டைச் சுற்றி மோதி, காலையில் தரையெல்லாம் செத்துக் கிடந்தால், அருகில் எங்கோ மலைத்தேனீ அடை இருக்கிறது. நிலா வெளிச்சத்திலும் பறக்கக்கூடிய தேனீ அது. விளக்கைப் பார்த்து வந்து, திரும்பத் தெரியாமல் மோதி மோதிச் சாகும்.

மாலை ஆறு மணிக்கே அந்தப் பக்க ஜன்னலைச் சாத்துங்கள். வெளி விளக்கை அணையுங்கள். வேண்டியே தீரும் என்றால் குறைந்த வாட் மஞ்சள் விளக்கு. அறைக்குள் நுழைந்துவிட்டால் துடைப்பத்தால் அடிக்காமல், அறை விளக்கை அணைத்துவிட்டு பால்கனி விளக்கைப் போடுங்கள். அங்கே போனதும் கதவைச் சாத்துங்கள்.

காலையில் செருப்புப் போட்டுக்கொண்டு பெருக்குங்கள். செத்த தேனீயின் கொடுக்கும் பாயும். நாயின் பாதத்திலும், தவழும் பிள்ளையின் உள்ளங்கையிலும் கொட்டுவது பெரும்பாலும் இந்தச் ‘செத்த’ தேனீதான். நாய் படுக்கும் சாக்கை உதறிய பிறகே அதை வெளியே விடுங்கள். காரிலும் துணியிலும் விழும் மஞ்சள் புள்ளிகள் அந்தத் தேனீயின் எச்சம். காயுமுன் கழுவினால் போய்விடும்.

கொத்தாக வந்து தொங்கினால்

முருங்கைக் கிளையிலோ கேட்டிலோ பைக் கைப்பிடியிலோ திடீரென்று ஒரு கூட்டம் கொத்தாக வந்து தொங்கினால், அது இடம் மாறிப் போகும் கூட்டம். காக்க அங்கே முட்டையும் இல்லை, தேனடையும் இல்லை. வயிறு நிறையத் தேன் குடித்திருப்பதால் கொட்டும் எண்ணமும் குறைவு. நாயை உள்ளே வைத்துவிட்டு வேறு வழியாகப் போய்வாருங்கள். சில மணி நேரத்திலோ இரண்டு மூன்று நாளிலோ கிளம்பிவிடும். தண்ணீர் பீய்ச்சுவதும் புகை போடுவதும் சும்மா இருப்பதைக் கிளப்பிவிடும் வேலை. மூன்று நாள் தாண்டியும் இருந்து, நடுவே வெள்ளை மெழுகு தெரிந்தால் குடியேறிவிட்டது என்று பொருள்.

கூடு கட்டிவிட்டால்

மலைத்தேனீ அடையை நீங்களே எடுக்காதீர்கள். பந்தம் கொளுத்தினால் பாதி எரிந்து விழும், மீதி இருட்டில் சிதறி விளக்கு எரியும் எல்லா வீட்டுக்குள்ளும் நுழையும். ஸ்பிரே அடித்தால் அடிபட்ட தேனீ வெளிவிடும் வாடை மற்றவற்றையும் கிளப்பும். வாழைப்பழ மணம் போன்ற வாடை அது. பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனைக்கும் மீன்தொட்டிக்கும் நஞ்சு என்பது தனிக்கணக்கு.

அடை உயரத்தில் இருந்து, கீழே நடமாட்டம் இல்லையென்றால் காத்திருக்கலாம். பூப்பருவம் முடிந்தால் அது தானாக ஊர் மாறிப் போகும். அதுவரை அந்தப் பக்கம் டிரில்லிங், பட்டாசு, குப்பை எரிப்பு, டிரோன், பட்டம் எதுவும் கூடாது. இத்தனையும் கடைப்பிடித்தாலும் தேன்பருந்து வந்து அடையைப் பிய்த்தால் கூட்டம் கீழே இருப்பவர்கள் மேல்தான் பாயும். ஆகவே பள்ளி, மாட்டுக்கொட்டில், குழந்தைகள் விளையாடும் இடம் பக்கத்தில் இருந்தால் காத்திருக்க வேண்டாம்; தேன் எடுத்துப் பழகியவரை அழையுங்கள். வேலை இருட்டிய பிறகு நடக்கும். அன்றைக்கு அக்கம்பக்கம் எல்லா வீட்டிலும் சொல்லி, விளக்கணைத்து, ஜன்னல் சாத்தி, நாய், கோழி, ஆடு அனைத்தையும் உள்ளே அடைக்க வேண்டும். மறுநாளும் அடுத்த நாளும் தேனீக்கள் பழைய இடத்தில் சுற்றும், அவசரப்பட்டு ஏறாதீர்கள்.

அவை போனதும் மெழுகுத் தடத்தைச் சுரண்டி, சோப்புக் கலந்த வெந்நீரில் தேய்த்து, பெயின்ட் அடியுங்கள். மலைத்தேனீ ஆண்டுதோறும் அதே இடத்துக்குத் திரும்பி வரும் பழக்கமுள்ளது. சன்ஷேடு அடியில் நைலான் வலையை இழுத்துக் கட்டுவது ஓரளவு கைகொடுக்கும்.

பொந்தில் இருக்கும் அடுக்குத்தேனீக்கு வேறு வழி உண்டு. தேனீ வளர்ப்பவருக்கு அந்தக் கூட்டம் காசு. தேனீ வளர்ப்புக்குப் பேர்போன மார்த்தாண்டம் பக்கம் கேட்கவே வேண்டாம். மற்ற மாவட்டங்களில் வேளாண் அறிவியல் நிலையத்திலோ தோட்டக்கலை அலுவலகத்திலோ ஆள் சொல்வார்கள். புழு அடைகளை அறுத்து, பெட்டிச் சட்டத்தில் வாழைநாரால் கட்டி, ராணியையும் உள்ளே விட்டு, இருட்டும்வரை பெட்டியை அங்கேயே வைப்பார்கள். வெளியே போன தேனீக்கள் திரும்பி அடைந்த பிறகே எடுத்துச் செல்ல வேண்டும், குறைந்தது இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி. அரைக் கிலோமீட்டரில் வைத்தால் பாதிக் கூட்டம் மறுநாள் உங்கள் சுவருக்கே வந்துவிடும்.

கூடு உயிரோடு இருக்கும்போது துளையைச் சிமென்ட் வைத்து அடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தேனீ சுவிட்ச் பெட்டி வழியாக அறைக்குள் வரும், செத்த புழு நாறும், தேன் உருகிச் சுவரில் வழியும், பின்னாலேயே எறும்பு. அடையை முழுக்க எடுத்த பிறகுதான் அடைப்பு. காற்றுத் துளை என்றால் கொசுவலைக் கம்பி. மின் மீட்டர் பெட்டிக்குள் கூடு என்றால் புகையும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். மின்வாரியத்தில் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகே கை வைக்க வேண்டும்.

கட்டிப் போட்ட விலங்கு

மலைத்தேனீ கலைந்தால் ஓட முடிந்தது பெரும்பாலும் தப்பிக்கும். சங்கிலி நாயும் முளையடித்த மாடும் கூண்டு முயலும்தான் மாட்டிக்கொள்ளும். அடை தெரியும் இடத்தில் எதையும் கட்டாதீர்கள். கட்டியே தீரவேண்டும் என்றால் ஒரே இழுப்பில் அவிழும் உருவு முடிச்சு போடுங்கள்.

கூட்டம் பாய்ந்துவிட்டால், தலையையும் முகத்தையும் துணியால் மூடிக்கொண்டு, கையை வீசாமல், நேராக ஓடி ஓர் அறைக்குள்ளோ காருக்குள்ளோ போய்க் கதவைச் சாத்துங்கள். பல நூறு மீட்டர் துரத்தும். கிணற்றில் குதித்தால் மேலே காத்திருக்கும். நாயை மீட்கப் போகிறவர் கனமான போர்வையைப் போர்த்திக்கொண்டு, நனைத்த சாக்கை நாய்மேல் போட்டு, கயிற்றை அறுத்து உள்ளே இழுக்க வேண்டும். வெறும் உடம்போடு போகாதீர்கள்.

கொட்டியபின் கொடுக்கை உடனே எடுங்கள். நகத்தால் வழித்தாலும் சரி, பிடுங்கினாலும் சரி, வேகம்தான் முக்கியம். கொடுக்கோடு ஒட்டியிருக்கும் நஞ்சுப்பை தொடர்ந்து துடித்து நஞ்சை இறக்கிக்கொண்டிருக்கும். நாய்க்கு உதடு, காது உள்பக்கம், விரலிடுக்கு எல்லாம் பாருங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம். சுண்ணாம்பு தடவாதீர்கள்: தோலையும் வெந்துபோகச் செய்யும், நாய் நக்கினால் வாயும் வேகும்.

வீட்டு மாத்திரை எதுவும் வேண்டாம். பாரசிட்டமால் பூனையைக் கொல்லும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சளி மாத்திரையில் ஒவ்வாமை மருந்தோடு வேறு மருந்தும் கலந்திருக்கும். ஒவ்வாமை மருந்து தேவையா என்பதையும் அதன் அளவையும், நாயின் எடையைச் சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் கேட்ட பிறகே கொடுங்கள்.

முகம் கொஞ்சம் வீங்கி, நாய் வழக்கம்போல் சாப்பிட்டால் ஒருநாளில் வடியும். ஆனால் அரை மணி நேரத்துக்குள் வாந்தி, பேதி, தள்ளாட்டம், ஈறு வெளுப்பு தெரிந்தால் ஒவ்வாமை அதிர்ச்சி, நேரே மருத்துவமனை. பூனைக்கு இது எச்சில் ஒழுகலும் மூச்சுத் திணறலுமாகக் காட்டும். வாய்க்குள் கொட்டியிருந்தாலும் காத்திருக்காதீர்கள். மாடு, ஆடு என்றால் 1962, மனிதருக்கு 108.

பத்துப் பதினைந்து கொட்டு வாங்கிய சின்ன நாய் அன்று மாலை எழுந்து வாலாட்டினாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அடுத்த இரண்டு மூன்று நாளுக்கு அதன் சிறுநீரைக் கவனியுங்கள், வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்தால் தெரியும். செம்மையாகவோ டீத்தண்ணீர் நிறத்திலோ இருந்தால், அல்லது சிறுநீரே போகாவிட்டால், நஞ்சு ரத்தத்தையும் தசையையும் சிதைத்துச் சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கிவிட்டது. அப்போது உடனே சலைன் ஏற்ற வேண்டியிருக்கும்.